மூன்று தேவைகளும் ஒரு கைத்துப்பாக்கியும்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து மேட்டுப்பக்கமாக ஏறிச் செல்லும் ஓர் ஒழுங்கையின் முடிவில் அந்த வீடு இருக்கின்றது. ஓட்டுக் கூரை; மரச்சட்டம் அடித்த முன் விறாந்தை; பின்வளவில் ஒரு கிணறும் இரண்டு தென்னைகளும். விறாந்தையில் நின்று நோக்கினால் குடாவின் அசையாத நீரும் அதற்கு அப்பால் காட்டின் கரும்பச்சைக் கோடும் தெரியும். துறைமுகக் களஞ்சியமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவரும் அவர்தம் மனைவியுமே அவ்வீட்டில் வாழ்பவர். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து சென்றுவிட்டனர்.

களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கு என்று ஒரு மனப்பாங்கு உண்டு. எப்பொருளாயினும் உள்ளே வருமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதப்படல் வேண்டும் என்பர். இது எதற்கு? இதனை எங்கே வைப்பது? இதற்குப் பொறுப்பு யார்? ஓய்வுபெற்ற பின்னரும் அவர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. தண்ணீர்ப் பம்பி வாங்கியபோதும், குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோதும், நீலமட்டை போட்ட பழைய பேரேடு ஒன்றில் மூன்று நிரல்கள் கீறி எழுதிய பின்னரே கடைக்குப் போனார். அப்பேரேட்டின் ஒரு பக்கத்தில் 2022ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் எழுதப்பட்ட தலைப்பு, அவ்வீட்டில் அதற்கு முன் எவரும் எழுதியிராத ஒன்று: கைத்துப்பாக்கி.

அத்தலைப்பு அங்கு வந்த கதை மார்ச் மாதத்தில் தொடங்குகின்றது. நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்து, மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட காலம் அது. சமையல் எரிவாயு கிடைத்தற்கு அரிய பொருளாயிற்று. அவ்வாறான ஓர் இருட்டிரவில் பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டது. ஓசை கேட்டு முதலில் எழுந்தவர் மனைவிதான். சமையலறை வாசலில் ஓர் உருவம் எரிவாயுக் கொள்கலத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றது. அவ்வம்மையார் வழியை மறித்து நின்றார். உருவம் அவரை விலக்கிக்கொண்டு ஓடியது. அவர் விழுந்து மணிக்கட்டுச் சுளுக்கிக்கொண்டார். கணவர் கைவிளக்கைத் தேடியெடுத்து வந்து சேர்ந்தபோது திறந்த கதவும், அதற்கப்பால் இருளும் மட்டுமே எஞ்சியிருந்தன.

இழந்தது ஒரு கொள்கலம். ஆயின் அதன் பின்னர் அவ்வீட்டில் உறக்கம் இல்லாது போயிற்று. மாமரத்திலிருந்து வௌவால் கிளம்பினாலும் அவர் எழுந்து அமர்ந்தார். அறுபத்தெட்டு வயதில், தம் வீட்டு வாசலைத் தம்மால் காக்க இயலவில்லை என்ற எண்ணம் ஓர் ஆடவனின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை அனுபவித்தவரே அறிவர். மனைவி அதைப்பற்றி யாதும் பேசவில்லை. பொலிசில் முறைப்பாடு செய்தபோதும், ஆளை அடையாளம் காணவில்லை என்று மட்டுமே சொன்னார்.

ஓகஸ்ற் மாதத்தில் இளைய மகன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்தான். அங்கு அவன் ஒரு குறிசுடுங் கழகத்தின் அங்கத்தவன். சனிக்கிழமைகளில் சுடுதிடலுக்குச் செல்பவன். சிறு போட்டிகளிலும் பங்குபற்றுபவன். உடைந்து ஒட்டுப்போட்ட பின்கதவைப் பார்த்ததும் அவன் முதலிற் சொன்னது இதுதான்:

"அப்பா, ஒரு கைத்துவக்குக்கு லைசன்ஸ் போட்டுப் பாருங்கோ. சின்னதா ஒண்டு. வீட்டிலயும் வைக்கலாம், போற இடத்துக்கும் கொண்டு போகலாம். பழகினா ஒரு விளையாட்டும் ஆச்சு."

தந்தை மறுக்கவில்லை. பேரேட்டை எடுத்தார். மகன் சொல்லச் சொல்ல, மூன்று தேவைகளுக்கும் தனித்தனியே நிரல் கீறினார். வீட்டுக் காவல், உடன் கொண்டு செல்லல், போட்டி. ஒரே கருவி இம்மூன்றுக்கும் பொருந்துமா என்பதே வினா.

முதலில் வீட்டுக் காவல். வீட்டில் வைக்கும் துப்பாக்கியை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆகவே அது பெரிதாக இருப்பதே நன்று என்றான் மகன். கைக்குள் முழுதும் அடங்கும் பிடி, நீண்ட குழல், நிறைந்த பாரம் ஆகியன பின்னுதைப்பைக் குறைத்து, அஞ்சி நடுங்கும் கைக்கும் ஓரளவு உறுதி தருவன. சுழல்துப்பாக்கி எளிமையானது. ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள், விசையை இழுத்தால் வெடிக்கும், சிக்கல் குறைவு. தானியங்கு முறையில் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியோ கூடுதலான தோட்டாக்களைக் கொள்ளும்; எனினும் அதனைப் பயன்படுத்துபவர் பயிற்சியை விட்டுவிடல் ஆகாது. எதுவாயினும் விளக்கு இன்றியமையாதது. இருட்டில் நிற்பவர் யார் என்று அறியாமல் விசையைத் தொடலாகாது என்பது எந்நாட்டுப் பயிற்சியாளரும் கற்பிக்கும் முதற் பாடம்.

சன்னம் சுவரைத் துளைக்குமா என்று தந்தை கேட்டார். ஒன்பது மில்லிமீற்றர்ச் சன்னம் பலகைத் தடுப்பையும் கதவையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் என்றான் மகன். சமையலறையின் பலகைத் தடுப்புக்கு அப்பால் நான்கு முழத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகள் படுத்துறங்கும் அறை இருக்கின்றது. அதனைத் தந்தை பேரேட்டில் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது, உடன் கொண்டு செல்லல். இங்கு முதலாவதற்கு நேர்மாறான இலக்கணம். இடுப்பில் தங்கவேண்டிய கருவி சிறிதாகவும் தட்டையாகவும் பாரங் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் குழல் குறுகக் குறுக முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் குறையும். அத்தூரம் குறைந்தால் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகும். பாரம் குறைந்தால் பின்னுதைப்பு மிகும். விசையும் மெதுவானதாக இருத்தல் ஆகாது. நடக்கும்போதும் அமரும்போதும் தவறுதலாக இழுபடாதவாறு சற்றுக் கடினமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, போட்டி. பத்து மீற்றர்க் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியிலே வீரர் எழுபத்தைந்து நிமிடங்களில் அறுபது தடவை சுடுவர். இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மாத்திரமே. ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. அப்போட்டியில் விசையின் இழுப்பு 500 கிராம் இருந்தாற் போதும். காவற் பணிக்கான குளொக் வகைக் கைத்துப்பாக்கியிலோ அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம். ஒன்று விரலின் நினைவுக்கே அசைவது; மற்றையது விரலின் துணிவைக் கேட்பது. ஓடியும் திரும்பியும் சுடும் செயன்முறைப் போட்டி வேறொரு வகையினது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கூடியோர் அதற்கென ஒரு சர்வதேசச் சங்கத்தை நிறுவினர். குறி, வலு, விரைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளப்பது அதன் நோக்கம். அதிலும் பெரிய, பாரமான துப்பாக்கிகளுக்கே இயல்பான சாதகம் உண்டு.

இவ்வாறு மூன்று தேவைகளும் மூன்று திசைகளில் இழுப்பதனால், இடைவழியாகப் பிறந்ததே குறுவடிவக் கைத்துப்பாக்கி எனலாம். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் 17 இன் குழல் 114 மில்லிமீற்றர். ரவைக்கூட்டில் 17 தோட்டாக்கள். 1988இல் அதன் குறுகிய வடிவமாக வந்த குளொக் 19 இன் குழல் 102 மில்லிமீற்றர், தோட்டாக்கள் 15. ஏறத்தாழ அறுநூறு கிராம் பாரம். இரண்டும் பயன்படுத்துவது ஜேர்மனியில் யோர்க் லூகர் 1902இல் வடிவமைத்த அதே ஒன்பது மில்லிமீற்றர்த் தோட்டாவைத்தான். வீட்டுக்குப் போதிய அளவு பெரிது. இடுப்புக்குப் போதிய அளவு சிறிது. தொடக்கநிலைப் போட்டிக்கும் போதுமானது. ஒன்றிலும் முதலிடம் பெறாது, மூன்றிலும் சித்தியெய்தும் மாணவனைப் போன்றது அது.

மகனிடம் இருந்ததும் அவ்வகையினதே. ஆனால் அதன் குழல் 106 மில்லிமீற்றர். கனடாவின் சட்டம் 105 மில்லிமீற்றருக்கு மேற்படாத குழலுடைய கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்டவை என வகுத்தமையால், உற்பத்தியாளர் அந்நாட்டுக்கென நான்கு மில்லிமீற்றர் நீட்டிக் கொடுத்தனர். ரவைக்கூட்டிலும் பத்துத் தோட்டாக்களே அனுமதி.

"அங்க நீ அதை இடுப்பில கட்டிக்கொண்டு திரியிறியோ?" என்று தந்தை கேட்டார்.

மகன் சிறிது தயங்கினான். இல்லை என்றான். தற்காப்பைக் காரணமாகக் காட்டி அங்கு கைத்துப்பாக்கி வாங்குதல் நடைமுறையில் மிக அரிது. குறிசுடுதலோ சேகரிப்போதான் பொதுவாகக் காரணமாதல் வேண்டும். வீட்டில் அது தோட்டா நீக்கப்பட்டு, பூட்டப்பட்டே இருக்கவேண்டும். சுடுதிடலுக்குக் கொண்டு செல்லும்போதும் பூட்டிய பெட்டிக்குள்தான். ஆக, தந்தைக்கு அவன் பரிந்துரைத்த மூன்று தேவைகளுள் அவன் தானே நிறைவேற்றிக்கொண்டது ஒன்றை மட்டுமே. தந்தை இதனையும் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை தம்பலகாமத்திலிருந்து மைத்துனர் வந்திருந்தார். பயிர்க்காவலுக்கென அனுமதி பெற்ற துவக்கு அவரிடம் உண்டு. பன்றியும் யானையும் வயலில் இறங்கும் ஊர்களில் அது மண்வெட்டியைப் போல ஒரு வேளாண்மைக் கருவி. இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமே இன்றும் இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அனுமதி ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும், புதுப்பிக்கவேண்டும். பயிர்க்காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தை நாடவேண்டும். தற்பாதுகாப்புக்கெனக் கேட்பதாயின் பாதுகாப்பு அமைச்சு வரை செல்லவேண்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டென்று காட்டுதலும் வேண்டும். அனுமதியின்றி வைத்திருப்பார்க்கு உரிய தண்டனைகள் 1996இன் திருத்தச் சட்டத்தினால் மேலும் கடுமையாக்கப்பட்டன.

மைத்துனர் சிரித்தார்.

"காஸ் சிலிண்டர் களவு போனதெண்டு அமைச்சுக்கு எழுதப் போறியளோ அத்தான்?"

சிரிப்பு அடங்கியதும் அவர் மெல்லச் சொன்னார்: "மாமாவின்ர துவக்கை மறந்து போனியளோ?"

மறக்கவில்லை. பேரேட்டில் எழுத முடியாதிருந்தது அதுவொன்றே.

அவருடைய தந்தையார் பிரித்தானியக் கடற்படைத் தளத்திலே தொழிலாளியாக இருந்தவர். 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்ததை நேரிற் கண்டவர். 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதன் பின்னர் தம்பலகாமத்து வயலுக்குத் திரும்பிய அவர், முறைப்படி அனுமதி பெற்று ஓர் இரட்டைக்குழல் துவக்கு வாங்கினார். வருடந் தவறாது கச்சேரிக்குச் சென்று அனுமதியைப் புதுப்பித்தார். கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் பூசித் துடைத்தார். அதனால் ஒரு பன்றியைக்கூட அவர் சுட்டதாக நினைவில்லை. வெருட்டுவதற்கு இரண்டு வெடி வைப்பார், அவ்வளவே.

1980களின் நடுப்பகுதியில் ஓரிரவு ஆயுதந்தாங்கிய இளைஞர் சிலர் அவ்வீட்டின் கதவைத் தட்டினர். அவர்களுக்கு வேண்டியது பணமும் அன்று, நெல்லும் அன்று. அனுமதிபெற்ற துவக்கு யார் யார் வீட்டில் உண்டென்று அறிந்து, கிராமங்கள்தோறும் அவை சேகரிக்கப்பட்ட காலம் அது. "ஐயா, துவக்கைத் தாங்கோ" என்று மரியாதையாகவே கேட்டார்கள். எழுபது வயது முதியவர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சீருடையணிந்தோர் வந்தனர். அவர்கள் மரியாதையாகக் கேட்கவில்லை. துவக்கை யாருக்குக் கொடுத்தாய் என்பதே அவர்கள் வினா. பறித்துச் சென்றார்கள் என்ற விடை அவர்களுக்குப் போதவில்லை. பதினொரு நாள்களின் பின் வீடு திரும்பிய முதியவருக்கு இடது காது கேட்காது போயிருந்தது. அடுத்த மாரி காணாமலே அவர் இறந்தார்.

வீட்டைக் காப்பதற்கென வாங்கிய பொருளே இரு தரத்தாரையும் அவ்வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தது. அன்று அவரிடம் துவக்கு இல்லாதிருப்பின் அக்கதவை எவரும் தட்டியிரார். இத்துறைமுகத்தின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. கோணேசர் மலையிலே போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் விரும்பினர். ஒல்லாந்தர் கோட்டையைப் பிரான்சியரும் பிரித்தானியரும் விரும்பினர். காவலுக்கென எழுந்த அரண் ஒவ்வொன்றும் அடுத்த கப்பற்படைக்கு அழைப்போலையாயிற்று.

மகன் இக்கதையை முன்னர் முழுமையாகக் கேட்டதில்லை. அது போர்க்காலம், இன்று நிலைமை வேறு என்றான். அவன் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. தன் வீட்டுக்குள் தன் தாய் தள்ளி வீழ்த்தப்பட்டதைக் கேட்ட மகனின் சினம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சட்டமும் தற்காப்பு உரிமையை மறுக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அவ்வுரிமையை வகுத்துரைப்பன. இரவில் வீடுடைத்துப் புகுவோனைத் தடுக்கையில் மரணம் விளைவிக்கும் அளவுக்கும் அது நீளக்கூடும். ஆயின் தேவைக்கு மேற்பட்ட தீங்கிழைக்க அவ்வுரிமை இடந்தரவில்லை. இருளில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு வினாடிக்குள் எடுக்கப்பட்ட முடிவைப் பின்னர் நீதிமன்றம் பகல் வெளிச்சத்தில் மாதக்கணக்காக ஆராயும்.

ஆய்வுகளும் சிந்திக்கத்தக்கவை. 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்ததெனக் கண்டது. கலிபோர்னியாவில் 2 கோடி 60 இலட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து நோக்கி 2020இல் அதே சஞ்சிகையில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் வீதம் ஏனையோரினதை விட ஏறக்குறைய எட்டு மடங்கு. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது உண்மையே. எனினும் வாசலை நோக்கிய குழல் ஒரு நாள் உள்ளே திரும்பாது என்பதற்கு உறுதி இல்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்தத் தவறவில்லை.

உடன் கொண்டு செல்லல் என்ற இரண்டாம் நிரலுக்குத் தந்தையே விடை எழுதினார். அவர் நாளாந்தம் செல்லும் இடங்கள் மூன்று: சந்தை, கடற்கரை, கோணேசர் கோயில். கோயிலுக்குச் செல்லும் வழி பிரெட்றிக் கோட்டையின் வாயிலூடாகச் செல்கின்றது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கின்றது. புள்ளிமான்கள் மாத்திரமே எவ்வித வினாவுமின்றி உலாவும் அவ்வளவினுள் இடுப்பில் துப்பாக்கியுடன் ஒரு தமிழ் முதியவர் எங்ஙனம் நுழைவார்? சறமும் மெல்லிய பருத்திச் சட்டையும் உடுத்தும் இவ்வூர் வெக்கையில் அதனை எங்கே மறைப்பது? உப்புக்காற்றில் இரும்பு என்னவாகும் என்பதையும் களஞ்சியப் பொறுப்பாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடற்கரை என்ற சொல்லை எழுதியபோது அவருடைய பேனா நின்றது. 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அண்மையில் அக்கடற்கரையிலே ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலிற் சொல்லப்பட்டது. சவச்சாலையில் நிகழ்ந்த பரிசோதனை அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சன்னங்களின் காயங்களைக் கண்டது. அவர்கள் வெறுங்கையோடு இருந்தார்கள் என்பதை நிறுவுவதற்கே பெற்றோர் போராட வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவனிடம் தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கி இருந்திருப்பின் அவன் உயிர் தப்பியிருப்பான் என்று எவரும் சொல்ல முடியாது. அந்த முதற் பொய் மெய்யாகவே ஏற்கப்பட்டிருக்கும் என்று மட்டும் சொல்லலாம். மூத்த மகனை அதே ஆண்டிற் கப்பலேற்றி அனுப்பிய தந்தை இவர். அந்நிரலில் அவர் எழுதிய விடை ஒரே சொல்: இயலாது.

போட்டி என்ற மூன்றாம் நிரலைக் கண்டு அவர் புன்னகைத்தார். மகனுடைய கண்களில் அதைப்பற்றிப் பேசுகையில் மட்டுமே அச்சமோ சினமோ இல்லாத ஓர் ஒளி தோன்றியதை அவர் கவனித்திருந்தார். மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, பொத்தானளவு வட்டத்தில் அறுபது தடவை கருத்தைச் செலுத்துதல் ஒரு யோகம் போன்றது என்றே அவருக்குப் பட்டது. "அது உனக்கு நல்லது. செய்" என்றார். ஆனால் அதற்குச் சுடுதிடல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், இளங்கண்கள் வேண்டும். அவருக்கோ இரு கண்களிலும் வெண்படலம் நீக்கப்பட்டிருந்தது.

எஞ்சியது முதலாம் நிரல் மட்டுமே. வீட்டுக் காவல். மகன் அதனை விடுவதாக இல்லை. "அம்மாவை ஒருத்தன் தள்ளி விழுத்தியிருக்கிறான். அண்டைக்கு உங்கட கையில ஒண்டு இருந்திருந்தா?" என்றான். தந்தையால் விடை கூற இயலவில்லை. அன்றிரவு தம் கையில் ஒன்று இருந்திருக்கவேண்டும் என்றே அவரும் ஐந்து மாதங்களாக எண்ணியிருந்தார்.

அப்போதுதான், தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அம்மையார் பேசினார்.

"அவன் தள்ளேல்லை. 'அம்மா, விலகுங்கோ' எண்டுதான் சொன்னவன். நான்தான் விலகேல்லை."

விறாந்தையில் இருந்த மூவரும் நிமிர்ந்து நோக்கினர்.

"அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்னனில இருந்து கேட்ட குரல். எங்கட கிணத்தில தண்ணி அள்ளி எனக்குக் குடம் தூக்கித் தந்த பிள்ளை. வீட்டில என்ன நிலைமையோ."

பெயரை அவர் சொல்லவில்லை. மகன் கேட்டான், மைத்துனர் கேட்டார், கணவர் கேட்கவில்லை. பொலிசாரிடம் மறைத்தமைக்காக மகன் கடிந்தபோது, அந்த அம்மையார் வேறொன்றைச் சொன்னார். தாம் ஐந்து மாதங்களாக உறங்காதிருப்பது அவன் மீண்டும் வருவான் என்ற அச்சத்தினால் அன்று. அவன் மீண்டும் வரும்போது கணவர் விழித்துக்கொள்வாரோ என்ற அச்சத்தினாலேயே என்றார்.

அவ்வீட்டில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. கணவர் அவ்விரவை மனத்துள் மறுபடியும் நடத்திப் பார்த்திருக்க வேண்டும். திறந்த கதவு, தோளில் பாரத்துடன் ஓர் உருவம், கீழே விழுந்த மனைவி, கையில் பதினைந்து தோட்டாக்கள் கொண்ட, வீட்டுக்குப் போதிய அளவு பெரிதான, இடுப்புக்குப் போதிய அளவு சிறிதான ஒரு கருவி. சட்டமும் அவர் பக்கமே நின்றிருக்கக்கூடும். விடிந்தபின் அந்த ஒழுங்கையில் இறங்கி, அந்தப் பிள்ளையின் தாயின் வாசலைக் கடந்து அவர் எவ்வாறு சந்தைக்குச் சென்றிருப்பார்?

அவர் பேரேட்டை மகனிடம் நீட்டினார். 'இது எதற்கு' என்பதற்கு அங்கே விடை இருந்தது. 'எங்கே வைப்பது' என்பதற்கும் அரைகுறையாக ஒரு விடை இருந்தது: பூட்டிவைத்தால் வேளைக்கு உதவாது, பூட்டாது வைத்தால் வேண்டாத வேளைக்கும் உதவிவிடும். 'பொறுப்பு யார்' என்ற மூன்றாவது வினாவுக்கு நேரே இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மகன் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்தான்.

அக்கிழமையே தந்தையும் மகனுமாகப் பின்கதவுக்கு முதிரைப் பலகையில் புதிய கதவும் இரும்புக் குறுக்குச் சட்டமும் பொருத்தினர். மின்கலத்தில் எரியும் விளக்கொன்று கிணற்றடியில் பூட்டப்பட்டது. அயல்வீட்டாருடன் பேசி, இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மணி கட்டப்பட்டது. இழுத்தால் இரு புறமும் ஒலிக்கும். மைத்துனர் தம்பலகாமத்திலிருந்து ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து விட்டார். இவற்றுக்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. இவை குறிதவறினாலும் எவரும் இறப்பதில்லை. இவற்றால் களவு நின்றுவிடும் என்று அவர் நம்பவில்லை; உறக்கம் வரும் என்று நம்பினார்; ஓரளவுக்கு வந்தது.

மகன் திரும்பிச் சென்ற சில வாரங்களில், 2022 ஒக்ரோபர் 21ஆம் திகதி, கனடிய அரசு கைத்துப்பாக்கிகளின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது. அவனுடைய 106 மில்லிமீற்றர்க் கருவியை இனி அவன் இன்னொரு தனியாருக்கு எளிதில் விற்கவும் இயலாது. பூட்டிய பெட்டிக்குள் அது அவனுடனேயே முதுமையடையும். அவன் இப்போது காற்றுக் கைத்துப்பாக்கியில் பயிற்சி பெறுகின்றான். 2024ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கெனக் குடிமக்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகக் கையளிக்குமாறு பணித்த செய்தியைத் தந்தை பத்திரிகையிற் படித்தார். படித்துவிட்டு, கேட்காமற் போன ஓர் இடது காதை நினைத்துக்கொண்டார்.

இப்போது அவ்வீட்டுத் தென்னைகளில் தேங்காய் பறிக்க ஓர் இளைஞன் மாதம் ஒருமுறை வருகின்றான். பறித்து முடிந்ததும் அம்மையார் கூலியும் தேநீரும் கொடுக்கிறார். எத்தனை தேங்காய் என்று எண்ணிக் கணவர் பேரேட்டில் எழுதிக்கொள்கிறார். அவன் குரலை அவர் கூர்ந்து கேட்பதுண்டு. கேட்டுவிட்டுக் குடாவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. இவன்தானா என்று மனைவியிடம் அவர் இன்றுவரை வினவியதில்லை.